கட்டி என்றால் எந்தக் கட்டி?

தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு மொழிபெயர்த்துப் பிழைப்பவனிடம் கிரயப் பத்திரம் வரும், ஜாதகம் வரும். போன மாதம் ஒரு எம்.ஆர்.ஐ. அறிக்கை வந்தது. தில்லியில் அடுத்த பிளாட்டில் இருப்பவரின் மகன், 22 வயது, வலிப்பு வந்து விழுந்திருக்கிறான். மூளையில் 'ரிங் என்ஹான்சிங் லீஷன்' என்று எழுதியிருந்தது. "கட்டிதானே சார்? கேன்சரா?" என்றார் அப்பா.

தமிழில் கட்டி தாராளமான சொல். சீழ் கோத்தாலும் கட்டி, புற்றானாலும் கட்டி. சாதாரண எம்.ஆர்.ஐ. படமும் ஏறக்குறைய அப்படித்தான். கடோலினியம் மருந்தை ஊசியில் ஏற்றிப் படமெடுத்தால், ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு பழுதான இடத்தில் அது கசிந்து வெளுப்பாகத் தெரியும். கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய புற்று வளையமாகத் தெரியலாம். நுரையீரலிலிருந்து பரவிய புற்று, சீழ்க்கட்டி, காசநோய்க் கட்டி, நாடாப்புழுவின் இளம்பருவம் தங்கிய கட்டி, எல்லாமே வளையமாகலாம். நம் நாட்டில் கடைசி இரண்டும் அபூர்வமல்ல.

எனவே அதே இயந்திரத்திடம் வேறு கேள்விகள் கேட்கிறார்கள். நீர் மூலக்கூறுகள் எவ்வளவு சுலபமாக நகர்கின்றன என்பது 'டிஃப்யூஷன்' படத்தில் தெரியும். சீழ் கெட்டியானது, உள்ளே நீர் நகராமல் பளிச்சென்று ஒளிரும். புற்றின் நடுவில் செத்த திசு பெரும்பாலும் அப்படி ஒளிராது. 'பெர்ஃப்யூஷன்' ரத்த ஓட்டத்தை அளக்கிறது. கிளியோபிளாஸ்டோமா புதிய ரத்தக் குழாய்களைத் தாறுமாறாக வளர்த்துக்கொள்ளும். மூளை லிம்போமாவில் அந்த அளவுக்கு இருக்காது. இது வெறும் பெயர்ச் சண்டையல்ல. முன்னதை முடிந்த அளவு வெட்டியெடுக்கப் பார்ப்பார்கள். பின்னதற்குச் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதித்து, மருந்து கொடுப்பதே முக்கியம்.

ஸ்பெக்ட்ராஸ்கோபி, கட்டியின் ரசாயனத்தைக் கோடுகளாக வரைகிறது. கோலின் ஏறி, நரம்பணுக்களின் அடையாளமான என்.ஏ.ஏ. இறங்கினால் புற்று என்று சந்தேகிப்பார்கள். காசநோய்க் கட்டியில் கொழுப்பின் சிகரம் எழும். ஆனால் உள்ளே அழுகிய புற்றிலும் அது எழுவதுண்டு. ஒரு படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவரிடம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. சந்தேகம் தீராவிட்டால் இன்றும் திசுப் பரிசோதனைதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாடு மரபணுவையும் பார்க்கச் சொல்கிறது.

எளிய அளவுகோல்களும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1993-ல் சி.டி. படத்தை வைத்தே வகுத்தது: 20 மில்லிமீட்டருக்குள், ஒழுங்கான விளிம்போடு, மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாமல் இருந்தால் புழுக்கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்த வீட்டுப் பையனுக்கு மறுபடி படமெடுத்தார்கள், இன்னொரு கட்டணத்தோடு. வளையம் சிறியது, உள்ளே ஒரு புள்ளி, புழுவின் தலை. மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார்கள். ஊரிலிருக்கும் பாட்டிக்குக் கடிதம் எழுத அப்பா என்னிடம் வந்தார். 'கட்டி' என்று மட்டும் போட வேண்டாம் என்றார். 'புழு' என்று எழுதிக் கொடுத்தேன்.