சுயாட்சி கோட்டையோடு நின்றுவிடலாமா?

1963 ஜனவரியில் மாநிலங்களவையின் முன் ஒரு சட்டத்திருத்தம் வந்தது. இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுப்பவர்தான் தேர்தலில் நிற்க முடியும் என்ற 16ஆவது திருத்தம் அது. அது யாரைக் குறிவைத்து வந்தது என்பது அவையில் எல்லோருக்கும் தெரியும். எழுந்து பேசிய தி.மு.க.வின் அண்ணா, அந்த இறையாண்மை எங்கே இருக்கிறது என்று கேட்டார். அரசமைப்பின் முகப்புரை அதை மக்களிடம் வைக்கிறது. சட்டப்படியான இறையாண்மையோ ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் இடையே பகிரப்பட்டிருக்கிறது என்று வாதிட்டார்.

அதே அவையில் 1962 மே 1 அன்று தம் முதல் உரையில் திராவிட நாட்டுக்குத் தன்னுரிமை கேட்டவர் அவர். அந்த ஆண்டின் இறுதியில் சீனப் போர் மூண்டபோது அவர் நேரு அரசின் பக்கம் நின்றார். 1963இல் தி.மு.க. தனிநாட்டுக் கோரிக்கையையே கைவிட்டது. சட்டத்துக்குப் பயந்து பின்வாங்கினார் என்று சொல்வோர் இன்றும் உண்டு. தேர்தல் களத்திலிருந்தே கட்சி வெளியேற்றப்படும் என்ற கணக்கு அவருக்கு இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிரிவினை கேட்டதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். அந்தக் காரணங்களுக்கு நாட்டுக்குள்ளேயே, ஓட்டுச்சீட்டின் வழியே தீர்வு தேடியதுதான் அவருடைய பெரிய பங்களிப்பு.

தேடியது என்ன என்பது 1967 மார்ச்சில் அவர் முதலமைச்சரான பிறகு தெளிவாகிறது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதியைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கி வைத்தார். மாநிலம் முழுவதற்கும் விரிக்க நிதி இடம் கொடுக்கவில்லை. ஏழை வீட்டு உலைக்கு அரிசி தர மக்கள் தந்த ஆணை இருந்தது, பணம் இல்லை. வளமான வரிகளை விதிக்கும் அதிகாரம் டெல்லியில், பசித்தவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு சென்னையில். மாநில சுயாட்சியை உணர்ச்சி முழக்கமாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த அரிசிக் கணக்கைக் கவனிப்பதில்லை.

மாநிலத்தின் பெயர் விஷயமும் அப்படித்தான். தமிழ்நாடு என்று பெயரிடக் கோரி பூபேஷ் குப்தா கொண்டுவந்த மசோதாவை 1963இல் அண்ணா ஆதரித்துப் பேசினார், அது தோற்றது. 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிய பிறகும், நாடாளுமன்றம் தனியே சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 1969 ஜனவரி 14 அன்றுதான் பெயர் நடைமுறைக்கு வந்தது. மூன்று வாரங்களுக்குள், பிப்ரவரி 3 அன்று, அண்ணா மறைந்தார். அந்தப் பொங்கலையொட்டி எழுதிய கடிதத்தில்கூட, பெயரளவில் கூட்டாட்சியாக இருக்கும் அரசமைப்பு நடைமுறையில் அதிகாரத்தை மையத்தில் குவிக்கிறது என்றுதான் வருந்தியிருந்தார்.

அந்த வருத்தம் இன்றும் தீரவில்லை. 15ஆவது நிதிக்குழு பகிர்வுக்குரிய வரிகளில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு ஒதுக்கப் பரிந்துரைத்தது. ஆனால் செஸ், சர்சார்ஜ் என்று வசூலாகும் பணம் அந்தப் பகிர்வுக்குள்ளேயே வராது. எனவே டெல்லியிடம் உரிமை கேட்பது நியாயம். இன்னும் உரக்கவே கேட்க வேண்டும்.

அதே நியாயத்தைத் தமிழ்நாடு தன் ஊர்களுக்குத் தந்திருக்கிறதா? 2016 அக்டோபரில் உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் முடிந்தது. பெரும்பாலான மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. மாநகராட்சிகளும் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் 2022 பிப்ரவரி வரை காத்திருந்தன. இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர்களே ஊராண்டார்கள். குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் கேள்வி கேட்க மக்களுக்குத் தங்கள் வார்டு உறுப்பினர்கூட இல்லை. வழக்குகளும் வார்டு வரையறையும் காரணமாகச் சொல்லப்பட்டன. ஒரு சட்டமன்றத்தை இத்தனை ஆண்டுகள் தேர்தலின்றி வைத்திருந்தால் நாம் பொறுத்திருப்போமா?

இறையாண்மை மக்களிடம் இருக்கிறது என்று அண்ணா வாதிட்டதை ஏற்பவர்கள், அதைச் சென்னைக் கோட்டையின் வாசலில் நிறுத்த முடியாது. உள்ளாட்சித் தேர்தல் உரிய நாளில் நடக்க வேண்டும். மாநில நிதிக்குழு பரிந்துரைக்கும் பங்கு ஊராட்சிகளுக்குக் குறையாமலும் காலத்தோடும் போய்ச் சேர வேண்டும். அடுத்த முறை சுயாட்சி பற்றிச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றும்போது, இந்த இரண்டுக்கும் அரசு தேதி குறிக்கட்டும்.