பக்கத்து நாற்காலி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நாடகத்துக்குப் போனேன். 'நாடகமா? அதெல்லாம் தாத்தா, பாட்டி போற சமாச்சாரம்டா!'னு ஹாஸ்டலே சிரிச்சுது. பஸ் ஏறும்போது நானும் அப்படித்தான் நினைச்சேன்.

வடபழனியைத் தாண்டி, ஷேர் ஆட்டோ பிடிச்சு, ஒரு சந்துக்குள்ள நுழைஞ்சா, தியேட்டர்னு சொன்ன இடம் ஒரு பழைய வீட்டோட மாடி! கேட்டைத் திறந்துவிட்டவரே டிக்கெட்டையும் கிழிச்சார். 100 ரூபாய். செருப்பை வெளியில விடணும். உள்ளே 60 பிளாஸ்டிக் நாற்காலிங்க. மேடை, திரை எதுவும் கிடையாது. முதல் வரிசையில காலை நீட்டினா நடிகர் தடுக்கி விழுவார், அவ்வளவு பக்கம்.

நாடகம், பாதல் சர்க்கார் 1963-ல வங்காளத்துல எழுதின 'ஏவம் இந்திரஜித்'. இங்கே தமிழ்ல போட்டாங்க. ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல ஒருத்தர் மூச்சு வாங்க ஓடி வந்து என் பக்கத்து நாற்காலியில பொத்துனு உட்கார்ந்தார். ''பாஸ், ரொம்ப நேரமாச்சா?'' கடுப்புல ''ஷ்ஷ்!''னேன். அடுத்த நிமிஷம், நாடகத்துல எழுத்தாளரா வர்றவர் லேட்டா வந்த நாலு பேரை நடுவுல வரச் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. பக்கத்து ஆள் எழுந்து போனார். அட, அவர்தான் ஹீரோ!

வந்தவங்க பேரு அமல், விமல், கமல். நாலாவது ஆள் தன் பேரு நிர்மல்னு சொல்றான். எழுத்தாளர் நம்பலை. துருவித் துருவிக் கேட்டா, நிஜப் பேரு இந்திரஜித். ஏன் மறைச்சான்? பயம்! கூட்டத்துல தனியாத் தெரிஞ்சிடுவோமோங்கிற பயம்.

அதைச் சொல்லும்போது அவர் என்கிட்ட இருந்து ரெண்டடி தூரத்துல நின்னார். தொண்டைக்குழி ஏறி இறங்கறது தெரிஞ்சுது. சினிமான்னா அந்த நேரத்துல மொபைலை நோண்டியிருப்பேன். இங்கே முடியலை. அவர் மேல விழுற வெளிச்சம் என் மேலயும் விழுதே!

ஏன்னா, அதுக்கு முந்தின வாரம்தான் பிளேஸ்மென்ட் ஃபார்ம் கொடுத்தோம். நான் சிவில். எனக்குப் பிடிச்சது பாலங்கள். ஆனா 'விருப்பத் துறை' கட்டத்துல பக்கத்து பெஞ்ச் எழுதினதைப் பார்த்து 'சாஃப்ட்வேர்'னு எழுதினேன். அமல், விமல், கமல்... அப்புறம் நான்.

திரும்பி வந்து தேடிப் படிச்சேன். பாதல் சர்க்காரும் நம்ம ஆளு! சிவில் படிச்சு, நகரத் திட்டமிடல் வேலை பார்த்தவர். 70-கள்ல பெரிய மேடை, செட் எல்லாத்தையும் உதறிட்டு, பார்க்கிறவங்களுக்கு நடுவுலயே நாடகம் போட ஆரம்பிச்சார். 'மூன்றாம் அரங்கு'னு அதுக்குப் பேரு. 1980-ல சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு வந்து பட்டறையும் நடத்தினார். அதுக்கு முன்னாடியே, 1977-ல இங்கே ந.முத்துசாமி 'கூத்துப்பட்டறை'யைத் தொடங்கியிருந்தார். பசுபதி, கலைராணி எல்லாம் அங்கே பட்டை தீட்டப்பட்டவங்க. விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதினவர்!

பெரிய சபா மேடையில கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி குரலைத் தூக்கிப் பேசணும். சின்ன அறைக்குள்ள முணுமுணுப்பே போதும். அதனாலயோ என்னவோ, ஊருக்குச் சொல்ற மாதிரி இல்லாம நமக்கு மட்டும் சொல்ற மாதிரி இருக்கு.

நாடகம் முடிஞ்சு விளக்கு போட்டதும் 'இந்திரஜித்' வந்து தன் பையை எடுத்தார். ''ஸாரிங்க, 'ஷ்ஷ்'னுட்டேன்''னேன். ''நிஜமா லேட்டா வந்தவன்னு நம்பிட்டீங்கள்ல... அது போதும் தம்பி!''னு சிரிச்சார்.

திங்கட்கிழமை பிளேஸ்மென்ட் ஆபீஸ்ல புது ஃபார்ம் கேட்டு வாங்கிட்டேன். அந்த ஒரு கட்டம் மட்டும் இன்னும் காலியா இருக்கு. வெள்ளிக்கிழமை கடைசி நாள். பேனா பையிலதான் இருக்கு!