வெள்ளைச் சிப் எங்கே?

லாஸ் வேகாஸில் ஒரு 1-3 நோ-லிமிட் போக்கர் மேசை. புதிதாக உட்கார்ந்தவர் பை-இன்னுக்கு 300 டாலர் நீட்டுகிறார். கூட்ட நேரம். சிப் கொண்டுவருபவர் 60 சிவப்பை வைத்துவிட்டு ஓடுகிறார். தொகை சரிதான். ஆனால் அந்த ஆட்டக்காரர் முதல் பந்தயத் தொகையை ஜெயிக்கும்போது டீலருக்கு டிப்ஸ் தர அவரிடம் சில்லறை இல்லை. ஐந்து டாலர் சிவப்பைக் கொடுக்க மனம் வரவில்லை, மீதி கேட்கக் கூச்சம். அதற்குள் அடுத்த கை தொடங்கிவிடுகிறது. டீலருக்கு ஒன்றுமில்லை.

இது அற்ப விஷயமல்ல. டீலர் ஏறக்குறைய அரை மணிக்கு ஒரு மேசை மாறுகிறார். அதற்குள் 15 கை போட்டால் பெரிது. நெவாடாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 டாலர். அடிப்படைச் சம்பளம் பல அறைகளில் அதை ஒட்டியே நிற்கிறது. குடும்பம் ஓடுவது டிப்ஸில். பிளாக்ஜாக் பக்கம் டிப்ஸைப் பொதுவில் சேர்த்துப் பங்கிடுவார்கள். போக்கரில் பெரும்பாலும் அவரவர் வாங்கியது அவரவருக்கு. மேசையில் ஒரு டாலர் வெள்ளைச் சிப் வறண்டால் அந்த நஷ்டம் ஒரே ஆளின் தலையில்தான்.

வறளச் செய்வதும் பெரும்பாலும் ஃப்ளோர் மேற்பார்வையாளர்களான நாமே. அறையின் பங்கான ரேக்குக்காகப் பந்தயத் தொகையிலிருந்து எடுப்பதும் அதே ஒரு டாலர் சிப்தான். பெட்டியில் விழுந்தது, எண்ணி முடியும்வரை மேசைக்குத் திரும்பாது. எடுத்துக்கொண்டே இருந்து, புதிதாக விற்காமல் விட்டால் வேறென்ன நடக்கும்?

300 டாலருக்கு 56 சிவப்பும் 20 வெள்ளையும் கொடுங்கள். கேட்டால்தான் என்றில்லை, கேட்காமலேயே.

ஆட்டத்தின் நடுவே சிப்பை மேசையிலிருந்து எடுக்கக் கூடாது என்ற விதிக்கு நாம் அனுமதிக்கும் சொற்ப விலக்குகளில் டிப்ஸும் ஒன்று. அதனால்தான் டீலர் அதை மேசையில் தட்டிக் காட்டிவிட்டுப் பையில் போடுகிறார். கேமராவுக்கும் ஆட்டக்காரருக்கும் தெரிய வேண்டும். புதியவர்களுக்கு இந்தத் தட்டலைக் கண்டிப்பாகப் பழக்குங்கள்.

2006-ல் வின் லாஸ் வேகாஸ் கசினோ, மேசை ஆட்ட டீலர்களின் டிப்ஸில் மேற்பார்வையாளர்களுக்கும் பங்கு வைத்தது. வழக்குகள் பல ஆண்டுகள் நீண்டன. மேலாளரோ மேற்பார்வையாளரோ பணியாளரின் டிப்ஸை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-ல் கூட்டரசுச் சட்டமே சொல்லிவிட்டது. நல்ல சட்டம். டிப்ஸில் பங்கில்லாத ஃப்ளோர், டீலருக்கு உறுதியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இன்றிரவு மேசைகளைத் திறக்குமுன் வெள்ளைத் தட்டுகளை எண்ணிப் பாருங்கள். குறைந்தால் அப்போதே காசாளர் கேஜுக்கு ஆள் அனுப்புங்கள்.