கூடகோபுரம் இழந்த படைக்கலங்கள்: தஞ்சை அரண்மனைத் தொகுப்பும் தமிழாய்வின் கடமையும்

ஆய்வுச் சுருக்கம்

தஞ்சை மராத்திய அரசு முடிவுற்றபின் அரண்மனைச் சுவடிகள் தஞ்சையிலேயே நிலைபெற்றன. படைக்கலங்களோ ஊரைவிட்டு அகன்று, சென்னை அருங்காட்சியகத்திற்கும் அயல்நாட்டுச் சேகரிப்புகளுக்கும் சென்றன. இடம் மாறியபோது அவை தம் தமிழ்ப் பெயர்களையும் பயன்பாட்டுச் சூழலையும் இழந்தன. அவற்றுக்குத் தமிழில் ஒரு விளக்க அட்டவணை உருவாக்கப்பட வேண்டும் என்பதும், அப்பணி தமிழ்த்துறைகளின் பொறுப்பே என்பதும் இக்கருத்துரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: தஞ்சை அரண்மனை, படைக்கலம், வளரி, கட்டாரி, நிகண்டு, மோடி ஆவணம், விளக்க அட்டவணை.

முன்னுரை

படைக்கலங்களைப் பொருட்சான்றாக வாசிக்கும் முறை தமிழுக்குப் புதிதன்று. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், பீலி அணிந்து, மாலை சூட்டப்பெற்று, நெய் பூசிக் காவல்மனையில் வைக்கப்பட்டிருந்த அவனுடைய படைக்கலங்களைக் காண்கிறார். அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புறநானூற்று 95ஆம் பாடலின் இவ்வொப்பீட்டில் ஓர் ஆய்வு நெறி பொதிந்துள்ளது. படைக்கலத்தின் அழகைவிட, அது இருக்கும் இடமும் அதன் தேய்மானமும் மிகுதியாகப் பேசுகின்றன என்பதே அந்நெறி. இந்நெறியைத் தஞ்சை அரண்மனைப் படைக்கலத் தொகுப்புக்குப் பொருத்திப் பார்க்கும் முயற்சி இன்றுவரை தமிழாய்வுலகில் போதிய அளவு நிகழவில்லை.

ஓர் அரண்மனை, இரு தொகுப்புகள்

இரண்டாம் சரபோசியின் மகன் சிவாசி 1855இல் ஆண் வாரிசின்றி மறைந்தார். அதைத் தொடர்ந்து கிழக்கிந்தியக் கம்பெனி அரசையும் அரண்மனை உடைமைகளையும் கைக்கொண்டது. மன்னரின் மனைவி காமாட்சி பாய் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். சென்னை உச்சநீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எனினும், 1859இல் இலண்டன் பிரிவி கவுன்சில், கம்பெனி செய்தது அரசுச் செயல் ஆதலின் அது நீதிமன்ற ஆய்வுக்கு உட்படாது எனக் கூறி அத்தீர்ப்பை மாற்றியது. தஞ்சைப் படைக்கலங்கள் சேகரிப்புப் பொருள்களாக மாறிய வரலாற்றின் தொடக்கம் இவ்வழக்கே. எந்தக் காட்சிப் பேழையிலும் இச்செய்தி இடம்பெறாமை கருதத்தக்கது.

அரண்மனையின் இருபெருந் தொகுப்புகள் இதன்பின் வெவ்வேறு வழிகளில் சென்றன. நூலகம் இடம்பெயரவில்லை. தஞ்சையில் நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னெல் அதன் வடமொழிச் சுவடிகளுக்கு வகைப்பட்டியல் தயாரித்து 1880இல் வெளியிட்டார். 1918இல் நூலகம் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று சரசுவதி மகால் என்னும் பெயரைத் தனியே அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1855 வரை படைக்கலக் கொட்டிலாக விளங்கிய கூடகோபுரம் இன்றும் நிற்கிறது; அதனுள் இருந்தவை இல்லை. அவற்றுள் ஒரு பகுதி சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. வேறு பல பழைய இரும்பாகக் கழிக்கப்பட்டன. சில தனியார் கைகளுக்குச் சென்றன.

கீழவாசல் பீரங்கி மேட்டிலுள்ள இராசகோபாலப் பீரங்கி மட்டும் இடம்பெயராமல் இருக்கிறது. இரகுநாத நாயக்கர் காலத்ததாகக் கருதப்படும் இது ஏறத்தாழ 25 அடி நீளமுடையது. இது வார்ப்பு அன்று. நீண்ட இரும்புப் பட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் வளையங்களைச் செருகி, காய்ச்சி அடித்து இணைத்த கொல்லர் தொழில்திறன் என்பதை 2004இல் ஆர். பாலசுப்பிரமணியம் குழுவினர் வெளியிட்ட ஆய்வு விளக்கியது. இருந்த இடத்திலேயே இருந்தமையால் அதன் பெயரும் மக்கள் வழக்கில் நிலைத்தது. பெயர்த்துச் செல்லப்பட்டவற்றுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

சேகரிப்பாளர் நோக்கு

பர்னெலின் பட்டியல் வெளிவந்த அதே 1880இல்தான் வில்பிரகாம் எகர்டனின் இந்தியப் படைக்கலக் கையேடும் இலண்டனில் வெளிவந்தது. இங்கிலாந்தில் உள்ள சேகரிப்பாளர்களுக்கு இந்திய ஆயுதங்களை வகைப்படுத்திக் காட்டிய நூல் அது. அமெரிக்கரான ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் 1934இல் உலகப் படைக்கலச் சொல்லடைவு ஒன்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் அவருடைய சேகரிப்பு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திற்கு உரியதாயிற்று. தஞ்சாவூர் எனக் குறிக்கப்பெற்ற கட்டாரிகளை இன்று அங்கும் காணலாம். 2004இல் வெளிவந்த இராபர்ட் எல்குட்டின் நூல் சென்னைத் தொகுப்பை விரிவாகப் பயன்படுத்தித் தென்னிந்தியப் படைக்கலங்களைச் சமயச் சடங்கோடும் சிற்பத்தோடும் இணைத்து ஆராய்ந்தது. இம்முயற்சிகளால் பல பொருள்கள் அழியாமல் காக்கப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் சேகரிப்பாளரின் தேர்வுக்கு ஓர் இயல்பு உண்டு. யாளி முகமும் கிளி உருவும் செதுக்கிய எஃகுக் கைப்பிடி காக்கப்படும். அணியற்ற ஈட்டிமுனை உலைக்களம் செல்லும். அரசனின் கட்டாரி எஞ்சும். காலாட்படை வீரனின் கத்தி எஞ்சாது. ஔவையார் சுட்டிய இருவகையுள் தொண்டைமான் வகையே காட்சிப் பேழையை அடைகிறது. தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் ஐரோப்பிய வாளலகுகள் குறைத்துப் பொருத்தப்பட்டுள்ளன. கலைநோக்கில் இது கலப்பு எனப்படும். ஆய்வு நோக்கில் இது நாகப்பட்டினம், தரங்கம்பாடித் துறைமுகங்கள் வழியாக வந்த இரும்பு வணிகத்தையும், வந்ததைத் தம் மரபுக்கேற்ப மாற்றிய உள்நாட்டுக் கொல்லரையும் குறித்து வினவத் தூண்டும் சான்றாகும்.

பெயர் இழப்பும் தந்த வளரியும்

இழப்பு பெயரிலும் நிகழ்ந்துள்ளது. அட்டவணைகளில் கட்டாரி ‘கட்டார்’ எனவும், தோட்டி ‘அங்குஸ்’ எனவும், பறங்கி வாள் ‘ஃபிரங்கி’ எனவும் வடபுல வழக்கில் இடம்பெறுகின்றன. இவற்றை வெறும் ஒலிபெயர்ப்பு வேறுபாடாகக் கொள்ளலாகாது. தோட்டி என்னும் சொல்லை அறிந்தவர் அதனைச் சங்கப் பாடல்களில் தேடுவார். அங்குஸ் என்னும் சொல்லை மட்டும் அறிந்தவர் அங்குச் செல்லமாட்டார்.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு வளரி. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தம் நூலில், தஞ்சைப் படைக்கலக் கொட்டிலிலிருந்து பெறப்பட்ட மூன்று எறிதடிகளைக் குறிப்பிடுகிறார். அவற்றுள் இரண்டு யானைத் தந்தத்தாலானவை, ஒன்று மரத்தாலானது. அவர் இவற்றுக்கு இட்ட தலைப்பு ‘பூமராங்’. ஆஸ்திரேலியத் தொல்குடியினரின் சொல் அது. வளரி, வளைதடி என்னும் தமிழ்ச் சொற்கள் இத்தலைப்பின் கீழ் விளக்கக் குறிப்புகளாகிவிட்டன.

இங்கு எழும் வினாக்கள் எளியவை அல்ல. வளரி கள்ளர், மறவர் முதலிய சமூகத்தாரின் கைக்கருவி. வேட்டைக்கும் போருக்கும் உரியது. கள்ளரிடையே திருமண உறவின்போது வளரி மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்தமையும் பதிவாகியுள்ளது. அத்தகைய கருவி அரண்மனைக் கொட்டிலில் தந்தத்தில் செய்யப்பட்டு இருந்தது ஏன்? எறிந்தால் சிதையக்கூடிய விலைமிக்க தந்தம் போருக்கென இழைக்கப்பட்டிருத்தல் அரிது. தஞ்சையைச் சூழ்ந்த கள்ளர் நாடுகளின் தலைவர்கள் அரசனுக்கு அளித்த கையுறையா? அரசன் அவர்களுக்கு அளிக்கவிருந்த சிறப்புப் பொருளா? விழாக்கால அணிக்கருவியா? விடை எதுவாயினும், மராத்திய அரசுக்கும் உள்நாட்டுத் தமிழ்ச் சமூகங்களுக்கும் இடையிலான உறவைப் பற்றி ஒரு புதிய பக்கத்தை அது திறக்கும். ‘பூமராங்’ என்னும் தலைப்பின் கீழ் இவ்வினாக்களுள் ஒன்றுகூட எழுவதற்கு இடமில்லை.

தமிழ்ச் சான்றுகளின் வளம்

இவ்வினாக்களுக்கு விடைதேடும் கருவிகள் தமிழ்த்துறைகளிடமே உள்ளன. திவாகரமும் சூடாமணியும் செயற்கை வடிவப் பெயர்த் தொகுதியில் படைக்கலப் பெயர்களைத் தொகுத்துரைக்கின்றன. தொல்காப்பியப் புறத்திணையியலும் புறப்பொருள் வெண்பாமாலையும் வாளையும் குடையையும் நாட்கொள்ளுதல், வென்ற வாளை நீராட்டுதல் முதலிய சடங்குகளைத் துறைகளாக வகுத்துள்ளன. பெரிய கோயில் கல்வெட்டுகள் வில்லிகள், குதிரைச் சேவகர், ஆனையாட்கள், வேளைக்காரர் எனப் படைப்பிரிவுகளைப் பெயர் சுட்டிக் கூறுகின்றன. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத் தூண்களில், பாயும் குதிரைகளின் கீழ் நிற்கும் வீரர்கள் படைக்கலங்களைப் பற்றியிருக்கும் முறையைக் கல்லில் காணலாம்.

இவற்றினும் நேரடியான சான்று மோடி ஆவணங்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989இல் இவற்றின் தமிழாக்கத்தைக் குறிப்புரையுடன் வெளியிட்டது. அதற்கு முன்பே கே.எம். வேங்கடராமையா மராத்தியர் கால அரசியலையும் சமுதாய வாழ்க்கையையும் இவ்வாவணங்களின் துணைகொண்டு எழுதிக்காட்டினார். அரண்மனைச் செலவுக் கணக்குகளைக் கொல்லர் கூலி, தந்தம், எஃகு, உறைக்கான தோல் என்னும் நோக்கில் ஒருமுறை மீளப் படிப்பது பயன் தரும். சுவடியும் படைக்கலமும் ஒரே அரண்மனையில் இருந்தவை; ஒன்றைக் கொண்டு மற்றதை விளக்குவதே முறை.

எழத்தக்க மறுப்புகள்

முதலாவது, நாயக்கரும் மராத்தியரும் தமிழரல்லர். அவர்தம் படைக்கலம் தமிழாய்வுக்கு உரியதாகுமா என்பது. அரசவை மொழி தெலுங்காகவும் மராத்தியாகவும் இருந்தது உண்மை. ஆனால் உலை ஊதியவரும், காவிரிப் பாசனத்தில் நெல் விளைவித்து அதற்கான வரியைச் செலுத்தியவரும் இந்நிலத்து மக்களே.

இரண்டாவது, இது தொல்லியலாரின் பணி என்பது. உலோகத்தையும் காலத்தையும் அவர்கள் கணிப்பர். சொல்லையும் துறையையும் வழக்காற்றையும் யார் தருவது? இருதுறைக் கூட்டுப்பணியாகவே இது அமைய வேண்டும்.

மூன்றாவது, போர்க்கருவிகளைப் போற்றுவது வன்முறையைப் போற்றுவதாகாதா என்பது. இது புறந்தள்ளத்தக்க கேள்வியன்று. 1773இல் தஞ்சை ஆர்க்காட்டு நவாபின் பொருட்டுக் கம்பெனிப் படையால் கைப்பற்றப்பட்டது. 1781இல் ஐதர் அலியின் படையெடுப்பால் கழனிகள் பாழாயின; மக்கள் ஊர்விட்டு நீங்கினர். வேலைப்பாட்டை மட்டும் வியக்கும் சேகரிப்பு இத்துன்பத்தை மறைக்கிறது. எவர் கையில், எப்போரில், எவர்மேல் என்று கேட்கும் ஆய்வு அதனை வெளிக்கொணரும்.

முடிவுரை

பொருள்களை உடனே தஞ்சைக்கு மீட்டுக்கொணர வேண்டும் என்று இக்கருத்துரை கோரவில்லை. அது அரசுகளும் சட்டமும் காலமும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டியது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்திற்கு முன்பே கடல்கடந்தவற்றின் நிலை மேலும் சிக்கலானது. ஆனால் பெயர்களை மீட்பதற்கு எவர் இசைவும் வேண்டியதில்லை.

முதற்பணியாக, சென்னை அரசு அருங்காட்சியகத்திலுள்ள தஞ்சைப் படைக்கலங்களுக்குத் தமிழில் ஒரு விளக்க அட்டவணை தயாரிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் தமிழ்ப் பெயர், நிகண்டு வழக்கு, வட்டார வழக்கு, தேய்மானமும் செப்பனிட்ட தடயமும், வந்து சேர்ந்த வழி ஆகியன அதில் இடம்பெறுதல் வேண்டும். அடுத்து, அயல்நாட்டு அருங்காட்சியகங்கள் வெளியிட்டுள்ள பதிவுகளை அதனோடு ஒப்பிட வேண்டும். ஏலப் பட்டியல்களில் தென்னாட்டுப் படைக்கலம் பலவற்றுக்கும் தஞ்சாவூர் என்னும் பெயர் எளிதாகச் சூட்டப்படும் போக்கு இருப்பதால், மெய்யாகவே தஞ்சைக் கொட்டிலைச் சேர்ந்தவை எவை எனப் பிரித்தறிய அவ்வொப்பீடு உதவும். மூன்றாவதாக, வளரி, மடு, சுரிகை முதலியவற்றின் பெயரையும் பிடிமுறையையும் இன்றும் அறிந்துள்ள சிலம்ப ஆசான்களிடமும் கொல்லுப்பட்டறைக் கைவினைஞர்களிடமும் களஆய்வு செய்ய வேண்டும். இம்மூன்றனுள் காத்திருக்க இயலாதது இதுவே. அட்டவணைகள் அடுத்த தலைமுறைக்கும் இருக்கும், அவ்வாசான்கள் இருக்கமாட்டார்கள்.

சுவடித் தொகுப்புக்கு 1880இலேயே ஒரு பட்டியல் கிடைத்தது. அதன் பயனை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நாம் துய்த்து வருகிறோம். படைக்கலத் தொகுப்புக்கு அத்தகைய தமிழ்ப் பட்டியல் ஒன்றை உருவாக்குவது இன்றைய ஆய்வாளர் தலைமுறையால் செய்து முடிக்கத்தக்க பணியே.