அலை பாடவில்லை, ஊர்தான் பாடி!

நாமக்கல் மாவட்டத்தார்க்குக் கடல் அயலன்று. குமாரபாளையத்தையும் பரமத்திவேலூரையும் மோகனூரையும் தழுவிச் செல்லும் காவிரி தன் நெடுஞ்செலவை முடித்துக் கொள்வது பூம்புகாரில். 1930-இல் திருமறைக்காட்டு உப்புப் போராட்டத்திற்கு நடைப்பாட்டு எழுதித் தந்தவரும் நம் நாமக்கல் பாவலர் வெ. இராமலிங்கனாரே. எனவே, விடுமுறைதோறும் இங்கிருந்து உந்துகள் நிறைய மக்களும் மாணவரும் கீழைக் கடற்கரைக்குச் செல்வது மகிழத்தக்கதே. ஆனால், சென்றவர் எதைக் கண்டு மீள்கின்றனர் என்பதே நம் கேள்வி.

பூம்புகாருக்குத் தெற்கே கரையோரமாகச் சென்றால் தரங்கம்பாடி. ஆங்கே கோட்டை உண்டு, வெள்ளையர் கட்டிய மாளிகைகள் உண்டு, கடற்காற்றும் உண்டு. 'தரங்கம் என்றால் அலை. அலைகள் பாடும் ஊர் ஆதலின் தரங்கம்பாடி' என்று வழிகாட்டி நூல்கள் விளக்குகின்றன. கேட்பவரும் தலையசைத்து மீள்கின்றனர்.

தமிழன்பர்களே! சற்றே எண்ணிப் பாருங்கள். வாணியம்பாடியில் எந்த அலை பாடுகின்றது? காட்பாடியில் எந்தக் கடல் இசைக்கின்றது? ஆயர்பாடி என்று நம் முன்னோர் வழங்கியது பாட்டையா, குடியிருப்பையா? பாடி என்பது மக்கள் கூடி வாழும் இடத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். கடலோரத்து மாசிலாமணிநாதர் கோவிலில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பாண்டியர் கல்வெட்டு உள்ளது. அஃது இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும், குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கின்றது. அலையும் இல்லை, பாட்டும் இல்லை. சடங்கன் எனும் முன்னுறுப்பு எவ்வாறு திரிந்ததாயினும், தரங்கம் எனும் வடசொல் பின்னர்ப் புகுந்ததே என்பதற்குக் கல்லே சான்று. புகுந்த சொல்லுக்கு ஏற்பப் பொருள் புனைந்தனர். புனைந்த பொருளுக்கு ஏற்பப் பாடி எனும் நற்றமிழ்ச் சொல்லும் தன் பொருளை இழந்தது. ஒரு சொல் மாறின் ஓர் ஊரின் வரலாறே மாறும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டும் வேண்டுமோ?

1620-இல் தென்மார்க்கு நாட்டுக் கடற்படைத் தலைவன் ஓவே கெட்டே தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்து இங்குக் கோட்டை எழுப்பினான். அவ்வாண்டில் நாயக்கர் தென்மார்க்கு மன்னன் நான்காம் கிறித்தியானுக்கு விடுத்த பொன்னேட்டு மடல் இன்றும் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றது. அம்மடலின் மொழி எது? தமிழ்! தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அரசரும் மேலை மன்னனுக்கு இம்மண்ணின் மொழியிலேயே மடல் விடுத்தார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நாமோ, அடுத்த வீட்டுத் திருமணத்திற்கும் ஆங்கிலத்தில் அழைப்பு அச்சிடுகின்றோம்.

1706-இல் செருமானியராகிய சீகன்பால்கு இவ்வூர்க் கரையில் இறங்கினார். அவர் வந்தது தம் சமயத்தைப் பரப்பவே. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், பள்ளிச் சிறுவருடன் மணலில் எழுத்தெழுதித் தமிழ் கற்றார். தமிழ்ச்சுவடிகளைத் திரட்டி 1708-இல் அவற்றிற்கு ஒரு பட்டியல் வகுத்தார். இங்கு அச்சகம் நிறுவி 1715-இல் விவிலியத்தின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் வெளியிட்டார். தமிழ் இலக்கணம் ஒன்றை 1716-இல் செருமனியின் ஆலே நகரில் அச்சேற்றினார். 1719-இல் மறைந்தபோது அவர்க்கு அகவை 36. பதின்மூன்றே ஆண்டுகளில் அயலார் ஒருவர் இத்துணை செய்தார். விடுதிப் பள்ளிகளுக்குப் பெயர்பெற்ற நம் நாமக்கல்லிலோ, பதின்மூன்று ஆண்டு பள்ளியில் பயின்றும் தமிழில் ஒரு பக்கம் பிழையற எழுதத் தடுமாறும் பிள்ளைகளைக் காண்கின்றோம். பிழை பிள்ளைகளுடையதன்று, பணங்கட்டி ஆங்கிலம் வாங்கும் பெற்றோருடையது.

1845-இல் தென்மார்க்கினர் இவ்வூரைத் தம் பிற இருப்பிடங்களுடன் சேர்த்து ஆங்கிலக் கும்பனிக்கு 12½ இலக்கம் உருபாவுக்கு விற்றனர். வாங்கியவரும் வெளியேறினர். கோட்டை காக்கப்பட்டது, அதனுள் அருங்காட்சியகமும் அமைந்தது. கோட்டையினும் முந்நூறு ஆண்டு மூத்த கோவிலின் முன்பகுதியோ கடலுக்கு இரையாயிற்று. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கரை மக்களை வாரிச் சென்ற துயரையும் நாடறியும். பாடும் அலையென்று பரவசப்படும் சுற்றுலாவினர், அவ்வலையொடு போராடி வாழும் மீனவர் குடியிருப்பையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டாவா?

இழந்த பெயரை மீட்க முடியாது என்பார்க்கு விடை அருகிலேயே உள்ளது. மாயூரம், மாயவரம் என வழங்கிய ஊர் 1982-இல் மயிலாடுதுறை எனும் தன் பழம்பெயரை மீளப்பெற்றது. 2020-இல் ஒரு மாவட்டத்தின் பெயராகவும் உயர்ந்தது. தரங்கம்பாடி அம்மாவட்டத்தில்தான் இருக்கின்றது. சடங்கன்பாடி எனும் பெயரையும் கல்வெட்டுச் செய்தியையும் ஊரின் நுழைவாயிலில் எவரும் படிக்குமாறு தமிழில் பொறித்தல் அரசின் கடன்.

நம் கடனும் ஒன்றுண்டு. கடற்கரைக்குச் செல்க, குடும்பத்துடன் செல்க. ஆனால், கோட்டைக்கு முன் கோவிற்கல்லைக் காண்க. பிள்ளைகளை அதன்முன் நிறுத்தி, பாடி என்றால் ஊர் என்று சொல்லிக் கொடுங்கள். அந்த ஒரு சொல்லை அவர்கள் மறவாது மீண்டால், அச்செலவு வீண்செலவன்று.