மின்னூட்டி வந்துவிட்டது, மின்சாரம் போதுமா? செங்காங் வாகன நிறுத்துமிடங்களுக்குப் பின்னால் உள்ள கணக்கு

செங்காங்கில் மின்கார் வாங்க நினைப்பவர் முதலில் பார்ப்பது வாகன உரிமைச் சான்றிதழின் விலையை. அடுத்து, தமது புளோக்கின் பலமாடி வாகன நிறுத்துமிடத்தில் எத்தனை மின்னூட்டிகள் இருக்கின்றன என்பதை. அந்த மின்னூட்டிகளுக்கு வரும் கம்பிவடம் எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. அடுத்த பத்தாண்டுகளில் வேறுபாட்டை உண்டாக்கப்போவது அந்தக் கேள்விதான்.

புதிய கட்டடங்களுக்கு அதற்கான பதில் சட்டத்திலேயே இருக்கிறது. மின்வாகன மின்னூட்டச் சட்டம் 2022 நவம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2023 டிசம்பர் 8ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன்படி, வாகன நிறுத்துமிடத்துடன் புதிதாகக் கட்டப்படும் கட்டடங்களிலும் பெரிய அளவில் புதுப்பிக்கப்படும் கட்டடங்களிலும் குறைந்தது 1 விழுக்காட்டு நிறுத்த இடங்களில் மின்னூட்டி பொருத்தியிருக்க வேண்டும். குறைந்தது 15 விழுக்காட்டு இடங்களுக்குத் தேவையான மின்கொள்ளளவும் தயாராக இருக்க வேண்டும்.

இந்த இரண்டு எண்களில் 15தான் முக்கியமானது. மின்னூட்டி என்பது சுவரில் மாட்டும் ஒரு பெட்டி. பணம் இருந்தால் எந்த ஆண்டும் வாங்கி மாட்டலாம். தடித்த கம்பிவடம், விநியோகப் பலகை, மின்மாற்றி அறை ஆகியவை அப்படியல்ல. கட்டட வரைபடத்திலேயே அவற்றுக்கு இடம் ஒதுக்காவிட்டால் பின்னர் தரையைத் தோண்ட வேண்டும், சுவரை உடைக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். வீவக வாகன நிறுத்துமிடங்களில் பரவலாகக் காணப்படும் மெதுவான மின்னூட்டி 7.4 கிலோவாட் வரை எடுக்கும். 1994க்குப் பிறகு கட்டப்பட்ட வீவக வீடுகளில் பிரதான இணைப்பு 40 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 9.2 கிலோவாட். ஆகவே, ஒரு காருக்கு மின்னூட்டுவது கிட்டத்தட்ட ஒரு வீட்டின் முழு இணைப்பையும் பயன்படுத்துவதற்குச் சமம். 500 கார்கள் நிற்கும் இடத்தில் 15 விழுக்காடு என்றால் 75 கார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் மின்னூட்டினால் 555 கிலோவாட் வேண்டும். அது 60 வீடுகளின் உச்ச அளவு.

எந்த வீடும் நாள் முழுவதும் உச்ச அளவைத் தொடுவதில்லை. தீபாவளிக்கு முந்திய இரவில்கூட, குளிர்சாதனம், சுடுநீர்க் கருவி, அடுப்பு எல்லாம் எல்லா வீடுகளிலும் ஒரே நிமிடத்தில் இயங்குவது அரிது. இதை நம்பியே பொறியாளர்கள் ஒரு புளோக்கின் மொத்தத் தேவையைக் குறைத்துக் கணக்கிடுகிறார்கள். கார்களிடம் அந்த நம்பிக்கை அவ்வளவாகப் பலிக்காது. வேலை முடிந்து திரும்புவோர் மாலை ஏழு, எட்டு மணிக்கு வண்டியை நிறுத்தி, இணைப்பைச் செருகிவிட்டு மேலே போகிறார்கள். வீடுகளில் சமையலும் குளியலும் நடக்கும் நேரமும் அதுவே.

பல நாடுகளில் புதிய கட்டடங்களுக்கான இத்தகைய விதிகளை நகராட்சிகள் வகுக்கின்றன. சிங்கப்பூரில் அவை தேசிய விதிகள். தாழ்வாரத்து விளக்குக்கும் மின்தூக்கிக்கும் நகர மன்றம் கட்டணம் செலுத்துகிறது, மின்னிணைப்பு விதிகளை அது வகுப்பதில்லை. அந்தப் பொறுப்பு எரிசக்திச் சந்தை ஆணையத்திடம் இருக்கிறது. மின்கட்டமைப்பை நடத்துவது எஸ்பி குழுமம். கட்டடம் எழுப்புபவர் உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் மின்சுமையைக் கணக்கிட்டு விண்ணப்பிப்பார். தேவை பெரிதாக இருந்தால் துணைமின்நிலையத்துக்கான அறையைக் கட்டட வளாகத்திலேயே ஒதுக்கித் தர வேண்டும். லிட்டில் இந்தியாவில் உணவகம் நடத்துவோருக்கு இந்த நடைமுறையின் சிறிய வடிவம் பழக்கமானது. குடியிருப்பு அல்லாத இடங்களில் அனுமதிக்கப்பட்ட மின்சுமை 45 கேவிஏவைத் தாண்டினால் தனி உரிமமும் அதற்குரிய மின்பணியாளரும் தேவை.

தமிழ்நாட்டில் வீடு கட்டியவர்களுக்கு இன்னொரு விதமான அனுபவம் இருக்கும். அங்கு பல வகைக் கட்டடங்களுக்கு நிறைவுச் சான்றிதழ் காட்டினால்தான் நிரந்தர மின்னிணைப்பு கிடைக்கும். அனுமதியை மீறிக் கட்டுவதைத் தடுக்க மின்னிணைப்பு அங்கு ஒரு கடிவாளம். சிங்கப்பூரின் 15 விழுக்காட்டு விதியோ இன்னும் வாங்கப்படாத கார்களுக்காக இன்றே கம்பிவடம் போடச் சொல்கிறது.

அப்படியானால், ஏற்கெனவே கட்டி முடித்த கட்டடங்களின் நிலை என்ன?

புதியவற்றுக்கு மட்டும் விதி செய்து பழையவற்றை விட்டுவைத்தால் என்னவாகும் என்பதற்கு இங்கேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சாதனத்தை மின்பணியாளர்கள் ஆர்சிசிபி என்பார்கள். புதிய வீடுகளில் அது 1985 ஜூலை முதல் கட்டாயம். அதற்கு முன்பு கட்டப்பட்ட வீடுகள் அந்த விதிக்குள் வரவில்லை. 2020 டிசம்பரில் ஜூரோங் வெஸ்ட்டில் ஒரு வீட்டில் மின்சாரம் தாக்கி ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் உயிரிழந்தனர். அந்த வீட்டில் ஆர்சிசிபி இல்லை. பிறகு எல்லா வீடுகளுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டு, 2025 ஜூலை 1 வரை அவகாசம் தரப்பட்டது. பழைய வீடுகளைப் புதிய விதி எட்ட 40 ஆண்டுகள் ஆயின.

வாகன நிறுத்துமிடத்தில் மின்கொள்ளளவு குறைவாக இருப்பது உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் கால அட்டவணை மிக நெருக்கமானது. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய எரிசக்தி வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். 2024இல் புதிதாகப் பதிவான கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மின்கார். 40 ஆண்டுகள் காத்திருக்க நேரமில்லை.

செங்காங்கில் இந்த இடைவெளியைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரிவர்வேல், கம்பஸ்வேல் பகுதிகளின் தொடக்ககாலக் குடியிருப்புகள் 1990களின் பிற்பகுதியிலும் அதையொட்டிய ஆண்டுகளிலும் எழுந்தவை. அப்போது யாரும் மின்காரை நினைத்து வாகன நிறுத்துமிடம் கட்டவில்லை. ஃபெர்ன்வேல், ஆங்கர்வேல் பக்கம் பல புளோக்குகள் வயதில் மிக இளையவை. ஒரே நகரில், எல்ஆர்டி ரயிலில் சில நிமிடத் தூரத்தில், வெவ்வேறு காலத்து மின்கட்டமைப்புகள் இருக்கின்றன.

நிலப் போக்குவரத்து ஆணையம் பழைய நிறுத்துமிடங்களை மறந்துவிடவில்லை. அதன் துணை நிறுவனம் 2022 நவம்பரில் ஐந்து நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் வழங்கியது. ஏறக்குறைய 2,000 வீவக வாகன நிறுத்துமிடங்களில் 12,000 மின்னூட்டிகள் பொருத்துவது அதன் நோக்கம். சராசரியாக ஒரு நிறுத்துமிடத்துக்கு ஆறு. 2030க்குள் தீவெங்கும் 60,000 என்பது இலக்கு. முதல் சில மின்னூட்டிகளுக்கு, கட்டடத்தில் ஏற்கெனவே மிஞ்சியிருக்கும் கொள்ளளவே போதும். அந்த உபரி தீர்ந்த பிறகு வருபவைதான் சிக்கல். ஏழாவதோ இருபதாவதோ, ஏதோ ஒரு மின்னூட்டி புதிய கம்பிவடத்தைக் கேட்கும், ஒருவேளை புதிய மின்மாற்றியையும் கேட்கும்.

தனியார் கூட்டுரிமைக் குடியிருப்புகளில் இதன் பண விளைவு உடனே தெரிகிறது. பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் கிடைத்தாலே மின்னூட்டி பொருத்தச் சட்டம் வழிவிட்டுள்ளது. 2021இல் தொடங்கிய மானியத் திட்டம் மின்னூட்டிச் செலவில் பாதியை, ஒன்றுக்கு 4,000 வெள்ளி வரை ஏற்றது. முதலில் முடிவெடுத்த சிலர் கட்டடத்தின் உபரியைக் குறைந்த செலவில் பயன்படுத்திக்கொள்வார்கள். பத்தாண்டு கழித்து மின்கார் வாங்கும் அண்டைவீட்டுக்காரர் அந்த மின்மாற்றியின் விலையைப் பகிர வேண்டிவரும். முந்தியவருக்கு மலிவு, பிந்தியவருக்குச் சுமை என்ற இந்த ஏற்பாட்டை எந்தக் குடியிருப்பும் வேண்டுமென்று தேர்ந்தெடுத்திருக்காது.

செலவைத் தள்ளிப்போட ஒரு வழி இருக்கிறது. இருக்கும் மின்சாரத்தைக் கார்களுக்கிடையே பங்கிட்டு, வீட்டுத் தேவை குறையும் நள்ளிரவுக்குப் பின் வேகத்தைக் கூட்டும் முறை. இரவு முழுவதும் நிற்கும் காருக்கு இது போதும். பகலில் சற்று நேரமே நிற்கும் வாடகைக் கார், விநியோக வேன் ஓட்டுநர்களுக்குப் போதாது. அவர்களுக்கு வேகமான மின்னூட்டி வேண்டும், அது பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும்.

ஒவ்வொரு நிறுத்துமிடத்திலும் எத்தனை மின்னூட்டிகள் என்பதோடு, இன்னும் எவ்வளவு கொள்ளளவு மீதமுள்ளது என்ற தகவலையும் வெளியிட்டால் குடியிருப்பாளர்கள் தெளிவாக முடிவெடுக்கலாம். செலவைப் பகிர்வதுதான் கடினம். 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தில் அரசாங்கம், நகர மன்றம், குடியிருப்பாளர் மூவரும் செலவைப் பகிர்ந்தனர். ஆனால் மின்தூக்கியில் பாட்டியும் ஏறுவார், பேரப்பிள்ளையும் ஏறுவார். காரோ சிங்கப்பூர்க் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றிடம் மட்டுமே உள்ளது. மற்றவர்களின் பணத்தில் கம்பிவடம் போடுவதைவிட, மாதாந்திர வாகன நிறுத்தக் கட்டணம் செலுத்துவோரிடம் சிறிது சிறிதாக, பல ஆண்டுகளுக்குப் பிரித்து வசூலிப்பதே நியாயமாகத் தெரிகிறது.

1997 வரை கட்டப்பட்ட வீவக வீடுகளுக்கு வீட்டு மேம்பாட்டுத் திட்டம் விரிவுபடுத்தப்பட்டுள்ளது. வீட்டின் மின்சுமையை உயர்த்துவதும் அதன் அத்தியாவசியப் பணிகளில் ஒன்று. வாகன நிறுத்துமிடத்தின் மின்கொள்ளளவு அந்தப் பட்டியலில் இல்லை.