மீன் யாருக்காக வளர்கிறது?

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் சர்வகலாசாலை விஞ்ஞானிகள் 1989-ல் ஒரு புதுவகை சால்மன் மீனை உண்டாக்கினார்கள். அட்லாண்டிக் சால்மனின் முட்டையில், சினூக் என்ற பசிபிக் சால்மனின் வளர்ச்சி மரபணுவைச் செலுத்தினார்கள். குளிர்கடல் மீன் ஒன்றின் மரபணுத் துண்டை அதற்கு விசையாகப் பொருத்தினார்கள். பண்ணை சால்மன் விற்பனைக்குத் தயாராக மூன்று வருஷம் பிடிக்கும். இந்த மீனுக்கு ஒன்றரை வருஷம் போதும்.

அரிய சாதனைதான். ஆனால் அது யார் கைக்குப் போயிற்று? அக்வாபவுண்டி என்ற கம்பெனியின் கைக்கு!

அதே தீவில் முதலாளிகளின் ராட்சத விசைக் கப்பல்கள் காட் மீனை அடியோடு வாரிச் சென்றன. 1992-ல் சர்க்கார் காட் மீன்பிடிப்புக்குத் தடை போட்டது. சுமார் 30,000 மீனவர்களும் மீன் ஆலைத் தொழிலாளரும் வேலையிழந்தனர். கடலைச் சூறையாடியதும் லாப வேட்டை. சோதனைச்சாலை மீனைச் சந்தைச் சரக்காக்கியதும் லாப வேட்டை.

2015-ல் அமெரிக்க சர்க்கார் இந்த மீனுக்கு அனுமதி தந்தது. 2017-ல் கனடாவில் சுமார் நாலரை டன் விற்றார்கள். இன்ன மீன் என்று சீட்டு ஒட்டவில்லை. வாங்கியவர்களுக்கு எதுவும் தெரியாது. தப்பி ஆற்றில் கலந்தால் காட்டு சால்மனின் கதி என்ன? இதைச் சரிவர ஆராயவில்லை என்று 2020-ல் அமெரிக்க நீதிமன்றம் சர்க்காரைக் கண்டித்தது. வழக்குத் தொடுத்தவர்களில் சால்மனை நம்பி வாழும் குவினால்ட் பழங்குடி மக்களும் இருந்தார்கள். 2024 டிசம்பரில், பணமில்லை என்று கம்பெனி மீன் வளர்ப்பையே கைவிட்டது.

மீனும் உயிர்தான். பண்ணைகளில் இனம் பெருகாதபடி மலடாக்கப்படும் சால்மன்களுக்குத் தாடையும் முதுகெலும்பும் கோணலாவது அதிகம். மக்களின் பசி தீர்க்கும் ஆராய்ச்சியானால், அந்த வேதனையைக் குறைக்க வழி தேடலாம். லாபத்துக்காக மட்டும் உயிரை வதைப்பதற்கு என்ன நியாயம்?

தோழர்களே! ஆலைக்குத் தானியங்கித் தறி வந்தபோது தறியை உடைக்கச் சொன்னோமா? ஆள்குறைப்பைத்தான் எதிர்த்தோம். இங்கும் விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. நாம் கேட்பது மூன்றே: உயிர்களை வீணாக வதைக்கக் கூடாது. மீனவரையும் உண்பவரையும் கேளாமல் அனுமதி தரக் கூடாது. பொதுச் சர்வகலாசாலையில் பிறந்த அறிவு பொதுச்சொத்தாகவே இருக்க வேண்டும்.

விஞ்ஞானம் மக்கள் கைக்கு வரட்டும்; அப்போது மீனும் மக்களுக்காக வளரும்.